எட்டு கஜமும் எட்டு முழமும்

2014 ஜூலை 11, வெள்ளிக்கிழமை மாலை. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. முறையாக அழைப்பிதழ் கிடைத்து, காரில் வந்து இறங்கிய ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்போது பதவியில் இருந்த நீதிபதி டி. அரிபரந்தாமன். காரணம், அவர் வேட்டி கட்டியிருந்தார். கிளப் விதிப்படி வேட்டிக்கு அனுமதி இல்லையாம். நீதிபதி திரும்பிப் போய்விட்டார்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வழக்கறிஞர்கள் கோர்ட்டில் என்ன உடுத்தவேண்டும் என்று பார் கவுன்சில் விதி போட்டிருக்கிறது. அதில் கறுப்பு கோட்டுக்குக் கீழே முழுக்கால் சட்டை அல்லது வேட்டி என்றே இருக்கிறது. ஆக, வேட்டி கட்டிய வக்கீல் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் நின்று ஒருத்தருடைய உயிருக்கும் சொத்துக்கும் வாதாடலாம். சாயங்காலம் கிளப்பில் போய் ஒரு காபி குடிக்க முடியாது!

சட்டமன்றத்தில் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கொதித்தார்கள். முதல்வர் ஜெயலலிதா சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, 2014 ஆகஸ்டில், சட்டம் நிறைவேறியது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை, அந்த உடைக்காக மட்டும், எந்தப் பொது இடத்திலும் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது. தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் லைசென்ஸும் போகலாம். பொழுதுபோக்கு கிளப்புகளைக் குறிவைத்தே எழுதிய சட்டம்.

"சரிப்பா, இதுக்கும் நம்ம நீலகிரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இந்த ஆண்டு நம் பழைய மாணவர் சந்திப்பு குன்னூரில் நடப்பதால், மலையிலிருந்து இறங்கி வந்து நம் கல்லூரியில் படித்துவிட்டு, மறுபடியும் மலைக்கே பிழைக்கப் போன அடியேனிடம் மலைச்சரித்திரம் ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். டோடர், படகர், பொம்மை ரயில், வர்க்கி என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதுவானேன்? நான் தேயிலை ஃபாக்டரிகளுக்கு மெஷின் பார்க்கிற இஞ்சினியர். உடம்பில் துணி எங்கே தொங்குகிறது, எங்கே மாட்டும் என்று பார்ப்பது என் தொழிலின் ஒரு பாகம். ஆகவே துணியைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கில்ட். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றும் கட்டம்போட்ட கம்பளித் துணி. சினிமாவில் பார்த்துவிட்டு நாமெல்லாம் "பாவாடை" என்று சிரித்ததுதான். நீலகிரிக்கும் ஸ்காட்லாந்துக்கும் பழைய உறவு. கிளென்மார்கன், கிளெண்டேல் என்று எஸ்டேட் பெயர்கள் இருக்கிறதே, அந்த "கிளென்" ஸ்காட்லாந்தில் மலைப்பள்ளத்தாக்குக்குப் பெயர். ஊட்டியில் கெய்ர்ன்ஹில் என்று ஒரு காடு. அந்த "கெய்ர்ன்" ஸ்காட்லாந்து மலைகளில் குவித்து வைக்கும் கற்குவியல். இங்கே காப்பியும் தேயிலையும் போட வந்த தொரைகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசம்.

இந்த கில்ட் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஆதியில் ஹைலேண்ட்ஸ் என்னும் அவர்களுடைய மலைநாட்டு மக்கள் உடம்பு முழுக்கச் சுற்றும் நீண்ட கம்பளியை இடுப்பில் பெல்ட்டால் இறுக்கிக் கொள்வார்கள். மேல்பாதி தோளில், கீழ்பாதி முழங்கால் வரை. ராத்திரி அதுவே போர்வை. 1720-30களில் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்துக்காரர், ஸ்காட்லாந்தின் கிளென்கேரியில் இரும்பு உருக்கும் உலை போட்டார். உலைக்கு விறகு வெட்ட, உலையடியில் நிற்க உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்தார். அந்தப் பெரிய போர்வையோடு அவர்கள் படும் பாட்டைப் பார்த்து, மேல்பாதியை வெட்டிவிட்டு, கீழ்பாதியை மட்டும் மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தார் என்பது கதை. 18-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஒருவர் எழுதி வைத்தார். வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் 1983-ல் வந்த கட்டுரையில் அதையே எடுத்து விரித்து எழுதினார். ஸ்காட்லாந்தில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு முன்னாலேயே கீழ்பாதியை மட்டும் கட்டும் பழக்கம் இருந்தது என்பார்கள். தங்கள் தேசிய உடையை ஒரு ஆங்கிலேய ஃபாக்டரி முதலாளி தைத்தார் என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கோ கதை பிடித்திருக்கிறது. வேலைக்குத் தோதாக ஒரு உடையைத் திருத்துவது நல்ல இஞ்சினியரிங்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1745-ல் ஹைலேண்ட்ஸ்காரர்கள் லண்டன் அரசுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றார்கள். 1746-ல் ஒரு சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் ஆண்கள் யாரும் கில்ட்டோ கட்டம்போட்ட மலைநாட்டு உடையோ அணியக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் ஜெயில். இரண்டாம் தடவை என்றால் ஏழு வருஷத்துக்கு நாடு கடத்தல். எங்கே? கடல் கடந்த "பிளான்டேஷன்"களுக்கு! (அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குக் குடியேற்றங்கள் என்று அர்த்தம். ஆனாலும் எஸ்டேட் லயத்தில் பிறந்த வம்சத்துக்காரன் இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்காமல் இருக்க முடியுமா?) சட்டம் 1782 வரை, முப்பத்தைந்து வருஷம் இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு: ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தவன் போடலாம். மக்லியோட் ஹைலேண்டர்ஸ் என்ற ரெஜிமென்ட் 1780 தொடக்கத்தில் மதராஸில் வந்திறங்கியது. அதில் ஒரு பகுதி அதே ஆண்டு செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படையிடம் கர்னல் பெய்லியோடு சிக்கி நொறுங்கியது. சொந்த ஊரில் தன் அப்பன் கட்டினால் ஜெயில் என்ற உடையை, தன்னைத் தோற்கடித்த அரசுக்காகச் சண்டை போடும்போது மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் வந்தவர்கள் அவர்கள். உடைக் கட்டுப்பாடு எவ்வளவு தந்திரமான சாமான் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாக்களில் ராஜாவே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், தடைசெய்த காட்டான் உடை ஒரே வாரத்தில் கனவான்களின் உடையாகிவிட்டது. அன்றுமுதல் வெள்ளைக்கார விருந்துகளில் டின்னர் ஜாக்கெட்டுக்கு ஈடாக ஹைலேண்ட் உடைக்கு இடம் உண்டு.

அளவைப் பாருங்கள். ஒழுங்காக மடிப்பு வைத்த கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி என்பது மரபு. நம் வேட்டி எட்டு முழம். கஜத்துக்கு இரண்டு முழம் என்று கணக்குப் போட்டால் நமக்குச் செலவு பாதி. இரண்டும் ஆண்கள் இடுப்பில் சுற்றும் துணி. இரண்டிலும் கால் தெரியும் (வேட்டியில் மடித்துக் கட்டினால் மட்டும்). காற்றடித்தால் இரண்டுக்கும் ஒரே கவலை. ஒன்று கம்பளி, கட்டம் போட்டது, அது விருந்துக்கு ஏற்றது. மற்றது பருத்தி, ஓரத்தில் கரை போட்டது, அது வாசலோடு சரி.

ஊட்டி கிளப் 1841-ல் தொடங்கியது. அதன் கட்டடம் அதற்குப் பத்து வருஷம் முந்தியது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880களில் உறுதிப்பட்டது இங்கேதான் என்பது உலகப் புகழ். ஆட்டத்துக்கு விதி எழுதிய அதே பழக்கத்தில் ஆடைக்கும் எழுதினார்கள். கோட்டும் டையும் அங்கே பரம்பரை. வேட்டைக் குழுவுக்குச் சிவப்புக் கோட்டு. வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று ஆரம்பித்த இடத்தில் உடை விதி தோல் விதிக்குத் துணை நின்றது. வெள்ளைக்காரர் போய் இந்திய கனவான்கள் வந்தபின் நாடு முழுக்க கிளப்புகளில் தோல் விதி போயிற்று, துணி விதி தங்கிவிட்டது. 1988-ல் ஓவியர் எம்.எஃப். உசேனை பம்பாய் வில்லிங்டன் கிளப்பில் செருப்பில்லாத காலுக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அவரைத் திருப்பியவர்களும் நம்மவர்கள்தான். சேப்பாக்கத்திலும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரன் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது.

நழுவ முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. வேட்டி என்று சொல்லி நாம் பெருமைப்படும்போது, அந்த வேட்டியே எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா? முழங்காலுக்குக் கீழே கட்டக்கூடாத ஜாதி, துண்டைத் தோளில் போடக்கூடாத ஜாதி என்று நம் ஊர்களில் எழுதாத விதிகள் இருந்தன. மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டு போராடினார்கள். 1859-ல்தான் மன்னரின் பிரகடனம் வந்தது. எந்த கிளப்பும் போடாத விதி இது, நம் தெருக்கள் போட்டது.

எங்கள் தாத்தா இலங்கையில் மலையகத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி, நீலகிரியில் தேயிலை வேலைக்கே வந்து சேர்ந்தவர். காலைப் பெரட்டில் தொரை வரும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்களாம். மழை பெய்தால்கூட குடையைச் சுருக்கணும். அந்தத் தொரையோ காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ். "எங்க முட்டி தெரிஞ்சா மரியாதைக் குறைச்சல்டா, அவரு முட்டி தெரிஞ்சா அது யூனிஃபாரம்" என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்துவிட்டோம்.

பாட்டி கொழுந்து எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் இடுப்பில் ஒரு தடித்த சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்குவார். படங்கு என்று பெயர். இன்று அது பிளாஸ்டிக் தாளாக மாறிவிட்டது. குன்னூர் வரும் வழியில் வண்டியிலிருந்தே பார்க்கலாம். செடியின் காய்ந்த குச்சி சேலையைக் கிழிக்காமல், பனியில் இடுப்புக்குக் கீழே நனையாமல் காக்கும் சாமான். முழங்காலுக்குக் கீழே இறங்காது, நடக்கத் தடையில்லை. வேலைக்காகவே பிறந்து இடுப்பில் சுற்றிய துணி என்றால், நீலகிரியின் கில்ட் அதுதான். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க வைக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. படங்கைப் பற்றி அதில் பேச்சில்லை. அது பெண்கள் தாமே கண்டுபிடித்தது.

அதற்கும் முந்திய மலைவாசிகளைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் விடமாட்டார்கள். டோடர்களின் பூத்துக்குளி, சிவப்பும் கறுப்பும் நூலில் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி போர்த்துவார்கள். 2013-ல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு படகர்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையில் ஆயிரக்கணக்கில் கூடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைக்கும் ஒரு டிரெஸ் கோட் உண்டு, அதைக் காக்க வாட்ச்மேன் தேவைப்படவில்லை.

வேலைக்கு உடை விதி என்று பேசினால் நம் நாட்டில் 1806 வேலூரைத் தொடாமல் போகக்கூடாது. 1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிராடாக் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை உத்தரவிட்டார். தொப்பி ஜாடை, முன்னால் தோல் குஞ்சம். அதோடு யூனிஃபாரத்தில் இருக்கும்போது நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தபின் செத்த சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சிப்பாய்களின் மனத்தாங்கல்கள் வேறு பலவும் இருந்தன, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் குடும்பமும் கணக்கில் உண்டு. ஆனால் அதே மாதம் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். 1807-ல் கவர்னர் பென்டிங்கும் கிராடாக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒரு யூனிஃபாரம் சர்க்குலர் ஒரு கவர்னரின் வேலையைத் தின்ற கதை!

இப்படியெல்லாம் சொல்வதால் நான் உடை விதிகளுக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறையில் நிற்பவன் அப்படி இருக்க முடியாது. பழைய தேயிலை ஃபாக்டரியில் மேலே நீளமாக ஒரு லைன் ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுற்றும். வேட்டி நுனி அதில் சிக்கினால், துணி கிழியும் என்று நம்பவேண்டாம். துணி ஆளை இழுத்துக்கொண்டு போகும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவன் உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்கவேண்டும் என்றது, அந்த உடையை முதலாளியே கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. இது எனக்குப் பிடித்த விதி. காரணம் இருக்கிறது, செலவு யாருடையது என்பதும் இருக்கிறது. அருவங்காட்டில் 1903-லிருந்து வெடிமருந்து ஃபாக்டரி இருப்பது நீங்கள் அறிந்ததே. பொதுவாக வெடிமருந்து செய்யும் இடங்களில் பாக்கெட் இல்லாத சட்டை, உலோகப் பித்தான் இல்லாத உடை, ஆணி அடிக்காத செருப்பு. ஒரு பொறி பறந்தால் போதுமே. அங்கே யாரும் "என் கலாசாரம்" என்று வாதாட மாட்டார்கள்.

நம் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் இருந்த அண்ணனை 2000-க்குப் பிறகு படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்.) காக்கி இல்லாமல் வந்தவனை வெளியே நிறுத்துவார். கேம்பஸ் இன்டர்வியூவிலிருந்து டையோடு நேரே ஓடிவந்தவனையும் வெளியே நிறுத்துவார். "தம்பி, லேத்துக்கு டைன்னா ரொம்பப் பிடிக்கும். கழட்டு" என்பார். ஐடி கார்டு கயிறும் அப்படியே, கழற்றி மேஜையில். பெரிய அந்தஸ்தின் அடையாளமான டை, சுழலும் சக்குக்கு முன்னால் வேட்டியைவிட ஆபத்து என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியில் சைக்கிளில் போவார்.

ஆக, எந்த விதியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: துணி எதில் மாட்டும்? பதில் இருந்தால் தலைவணங்கிவிடுவேன். பல ஆபீஸ்களில் பதில் இருப்பதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (மலையில் அல்ல, சமவெளியில்) பொங்கலுக்கு முந்தின நாள் வேட்டி சட்டையில் போனேன். அன்று எனக்கு டிராயிங் டேபிள் வேலைதான், ஷாப் ஃப்ளோருக்குப் போகிற வேலையே இல்லை. கேட்டில் செக்யூரிட்டி, "சார், எனக்கு ஒண்ணுமில்ல சார், மேல இருந்து சொல்லியிருக்காங்க" என்று நெளிந்தார். அவரே வெளியே போகும்போது வேட்டிதான் கட்டுவார். அரை மணி நேரம் போன் பேசி, கடைசியில் வீட்டுக்குப் போய் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தேன். அரை நாள் லீவு கழிந்தது. 2014 சட்டத்தைச் சொல்லி வாதாடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தச் சட்டத்தை அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அது பொது இடத்தில் நுழைவதைப் பற்றியது. வேலை நேரத்தில் சம்பளக்காரன் என்ன உடுத்தவேண்டும் என்ற முதலாளியின் விதியை அது தொடவே இல்லை. கிளப்பில் விருந்தாளிக்குக் கிடைத்த உரிமை, அதே கிளப்பில் தட்டு ஏந்தும் சர்வருக்குக் கிடைக்கவில்லை. நீதிபதிக்கு நேர்ந்ததால் வந்த சட்டம் என்பதால் இருக்கலாம்.

சர்க்கார் ஊழியர் நிலைமை தேவலை. 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியருக்கு உடை ஆணை போட்டபோது ஆண்களுக்குச் சட்டை, பேண்ட்டோடு வேட்டியையும் சேர்த்தது. சகாயம் தலைமையில் கோ-ஆப்டெக்ஸ் பொங்கலையொட்டி வேட்டி தினம் என்று பரப்பியதும் நினைவிருக்கும். கடற்படைகூட 2024-ல் தன் ஆபீசர் மெஸ்களில் குர்தா பைஜாமாவை அனுமதித்துவிட்டது. மாணவர்கள் பக்கம் வேறு கதை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. பையன்கள் ஒரு முணுமுணுப்போடு ஃபார்மல் பேண்ட்டுக்கு மாறிவிட்டோம். துப்பட்டாவை எங்கே எப்படிக் குத்தவேண்டும் என்று அளவு பார்த்தது யாரை என்று நம் வகுப்புப் பெண்களைக் கேளுங்கள், பக்கம் போதாது.

வெளிநாட்டிலும் இந்தப் பஞ்சாயத்து ஓயவில்லை. 2008-ல் அமெரிக்காவில் ஒரு தபால்காரர், ஆண் தபால்காரருக்கு கில்ட்டையும் யூனிஃபாரமாகச் சேர்க்கவேண்டும், நடக்க வசதி என்று தீர்மானம் கொண்டுவந்தார். பாஸ்டனில் கூடிய அவர்கள் யூனியன் மாநாடு அதைத் தோற்கடித்தது. முதலாளி அல்ல, யூனியன்! 2017 ஜூனில் பிரான்ஸின் நான்ட் நகரில் வெயில் கொளுத்தியபோது பஸ் டிரைவர்கள் அரைக்கால் சட்டை கேட்டார்கள், கிடைக்கவில்லை. பெண் ஊழியருக்கு ஸ்கர்ட் அனுமதி இருந்ததால் ஆண்களும் ஸ்கர்ட் மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. பூட்டான் 1989-ல் தன் தேசிய உடையைக் கட்டாயமாக்கியது. ஆண்களுக்கு கோ என்னும் முழங்கால் அங்கி, கீழே நீள சாக்ஸ், தூரத்திலிருந்து பார்த்தால் கில்ட்தான். தெற்கே இருந்த நேபாளி பேசும் மக்களுக்கு அது அவர்கள் உடையே அல்ல. அங்கே மூண்ட மனக்கசப்புகளில் அந்த உத்தரவும் ஒன்று. 1990களில் பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டு நேபாள முகாம்களுக்குப் போனார்கள். பாரம்பரிய உடை என்பதாலேயே ஒரு விதி நல்ல விதி ஆகிவிடாது.

இனி நம் விஷயம். இந்தச் சந்திப்பின் இரவு விருந்துக்கு முதலில் மலையில் ஒரு பழைய கிளப்பின் ஹாலைப் பார்த்தோம். அழகான இடம், மரத்தரை, கணப்பு அடுப்பு, வாடகையும் நியாயம். காகிதத்தில் ஒரு வரி இருந்தது: ஆண்கள் கோட், டை. "அதெல்லாம் சும்மா சார், சட்டம் இருக்கு, வேட்டின்னா விட்டுடுவாங்க" என்றார் ஒரு சீனியர். சட்டப்படி சரிதான். ஆனால் இந்த ஆண்டு நாம் மேடையில் சால்வை போர்த்தப்போவது வொர்க்‌ஷாப் அண்ணனுக்கு. எழுபது வயதுக்கு மேல் அவர் பேண்ட் போடப்போவதில்லை. வாசலில் யாரோ அவரை மேலும் கீழும் பார்த்து, உள்ளே போன் செய்து, சட்டம் பேசி, பிறகு "சரி போங்க" என்று விடுவதற்கு நாம் ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்? கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை. கணப்பு அடுப்புக்காக வாதாடியவர்கள் நாலு பேர் (பெயர் சொல்லமாட்டேன், குளிருக்குப் பயந்தவர்கள்). கடைசியில் ஓட்டெடுப்பில் 9-க்கு 4.

ஆகவே விருந்து, குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தில். கணப்பு கிடையாது. மார்கழிக் குளிரில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். வேட்டியில் வருபவர்கள் உள்ளே ஒரு தெர்மல் போட்டுக்கொள்வது உத்தமம், இது பத்து வருஷ அனுபவம். எடின்பரோவில் வேலை பார்க்கும் நம் 2009 பேட்ச் நண்பர் கில்ட்டில் வருவதாக மிரட்டியிருக்கிறார். அவருக்கும் இலை போடப்படும்.